கடலும் சாலையும் இருந்தும் பயிற்சிக்கு இடமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரையத்லான் வீரர்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மைக் காலமாக அடிக்கடி இடம்பெறுவது மகிழ்ச்சி அளிக்கிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய இந்தப் போட்டியைப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நம் ஊரில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை. ஆனால் அச்செய்திகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. 'இரும்பு மனிதர்', 'அசாத்திய மனவுறுதி', 'வலியை வென்ற சாதனை' என்ற சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, நாற்பது முதல் நாற்பத்து நான்கு வயது வரையிலான பெண்கள் பிரிவில் போட்டியிடுபவள் நான். எங்களுக்குக் குறையாக இருப்பது மனவுறுதி அன்று என்பதையும், எது குறை என்பதையும் வாசகர்களுக்கும் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் தூரங்களைச் சொல்லிவிடுகிறேன்; செய்திகளில் இவை அடிக்கடி குழம்பிவிடுகின்றன. 2000-ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட டிரையத்லானில் 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 'அயர்ன்மேன்' என்ற பெயரில் நடக்கும் முழுத் தூரப் போட்டியில் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். 2019-இல் கோவாவில் தொடங்கிய போட்டி அதில் சரிபாதித் தூரம் கொண்டது. கோவாவில் முடித்து வந்தவரை முழு அயர்ன்மேன் என்று எழுதிவிட்டால், தெரிந்தவர்களிடம் விளக்கம் சொல்லிச் சொல்லி அவருக்குத்தான் அலுத்துப்போகிறது.

சாதனைக் கதையின் மீதான இந்த மோகம் நம் நாட்டில் பிறந்ததன்று. 1978-இல் ஹவாயில் 15 பேர் கலந்துகொண்டு 12 பேர் முடித்த ஒரு சிறு போட்டியாகத்தான் அயர்ன்மேன் தொடங்கியது. 1982 பிப்ரவரியில், உடற்பயிற்சி அறிவியல் படித்துக்கொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற மாணவி தன் ஆய்வுக்காக அதில் கலந்துகொண்டார். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்த அவர், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்பாகக் கால்கள் துவண்டு விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வென்ற பிறகும், தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைப் பார்த்த உலகம் இந்த விளையாட்டைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் துணிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் போட்டியாளரின் கண்ணுக்கு அது, தசைகளில் சேமித்திருந்த சர்க்கரைச் சத்து தீர்ந்து, உடம்பு வறண்டுபோன நிலை. எங்கள் பயிற்சியில் பெரும்பகுதி அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்கானது என்பதால், அதில் படம் பிடிக்கத் தக்கது எதுவும் இல்லை.

உண்மையில் எங்கள் அன்றாடம் மிகவும் சலிப்பானது. விடியற்காலை நான்கேகால் மணிக்கு எழ வேண்டுமென்றால் இரவு ஒன்பது மணிக்குப் படுத்தாக வேண்டும். அதனால் கல்யாண வரவேற்புகளில் தலைகாட்டிவிட்டுச் சாப்பிடாமல் திரும்புபவள் என்ற பெயர் சொந்தத்துக்குள் எனக்கு நிலைத்துவிட்டது. வாரப் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற அளவு நிதானமான வேகத்தில்தான் நடக்கிறது. மாலையில் பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் பொருத்திக் கூடத்திலேயே சைக்கிள் மிதிக்கிறேன். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றாலும் கீழே விரித்த துண்டு நனைந்துவிடும். "எங்கேயும் போகாத சைக்கிளுக்கு எதுக்கும்மா இவ்வளவு வேர்வை?" என்று என் மாமியார் கேட்பார், கேட்டுக்கொண்டே உப்புப் போட்ட நீர்மோரையும் கொண்டுவந்து வைப்பார்.

அந்த உப்பு வேடிக்கைக்குரியதன்று. சென்னையின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடம்பு குளிராததால் இன்னும் வியர்க்கிறது. நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் மணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருப்பது கோடையில் சாதாரணம். அதை வெறும் தண்ணீரால் ஈடுசெய்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் அதைவிட மோசமான விளைவுகளும் வரலாம். மணிக்கு 60 முதல் 90 கிராம் வரை மாவுச்சத்தும் உள்ளே போக வேண்டும். அதற்கென விற்கும் 'ஜெல்' எனப்படும் சத்துக்கூழ்ப் பாக்கெட் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல் ஆவதால், உப்புத் தூவிய உருளைக்கிழங்கையும் வாழைப்பழத்தையும் பொடி தடவிய குட்டி இட்லியையும் சட்டையின் முதுகுப் பையில் கட்டிக்கொண்டு போவோர் எங்களில் பலர்.

போட்டியில் இடம் பிடிக்க வேண்டும் என்று வந்துவிட்டால் இன்னொரு பயிற்சியும் சேர்ந்துகொள்கிறது. நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் நேரமும் மொத்த நேரத்தில் சேரும். தலைக்கவசத்தின் பட்டையை மாட்டிய பிறகே சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும், மீறினால் தண்டனை. எங்கள் அடுக்ககத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் ஈரத் தலையோடு தலைக்கவசத்தை மாட்டுவதும், பட்டையைப் பூட்டுவதும், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடுவதும், திரும்பி வந்து மறுபடி தொடங்குவதுமாக நான் செய்யும் வேலையைக் காவலாளி அண்ணன் இன்னமும் ஒருவித அனுதாபத்தோடுதான் பார்க்கிறார். மூன்று பயிற்சிகளையும் வேலையோடு சேர்த்துச் செய்பவர்கள் எங்களைப் போன்றவர்கள் மட்டுமல்லர். 2022-இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காகக் களமிறங்கிய பிரக்ஞா மோகன் ஒரு பட்டயக் கணக்காளர். என் துறைக்காரர் என்பதில் எனக்குச் சிறு பெருமை உண்டு.

இவ்வளவையும் ஒருவர் தன் வீட்டுக்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். வாசலைத் தாண்டியதும்தான் சிக்கல் தொடங்குகிறது. திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கி.மீ.; கோவாப் போட்டியின் சைக்கிள் தூரமும் அதுதான். இவ்வளவு சமமான, சிக்னல்கள் குறைந்த சாலை நகரத்தை ஒட்டிக் கிடைப்பது பெரும் பேறு என்பதால், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே சிவப்பு விளக்குகள் மினுங்கும் சைக்கிள் வரிசைகளை நீலாங்கரை, அக்கரைப் பக்கம் குடியிருப்போர் பார்த்திருப்பார்கள். அதே நேரத்தில்தான் சனிக்கிழமை இரவுக் கொண்டாட்டங்களை முடித்துக்கொண்டு கார்களும் நகரம் திரும்புகின்றன. தூக்கம் கலையாத ஓட்டுநரும் போதை தெளியாத ஓட்டுநரும் வரும் சாலையில், கால்முட்டி அகலத்துக்குக்கூட ஒதுக்கப்படாத இடது ஓரத்தை நம்பி நாங்கள் போகிறோம். அந்த ஓரமும் வெறுமையாக இருப்பதில்லை. கடற்காற்று அடித்துவந்து சேர்த்த மணல், விளக்கில்லாமல் நிறுத்தப்பட்ட லாரி, உடைந்த பாட்டில் சில்லு, திடீரென்று வரும் வேகத்தடை என்று ஏதாவது ஒன்று எதிர்ப்படும். 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் மணலில் ஏறினால் பிரேக் பிடிப்பதே ஆபத்து; வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் வருவது என்ன என்று தெரியாது. முட்டுக்காடு பாலத்தில் பக்கவாட்டுக் காற்று வேறு. எங்களில் சிலர் மூன்று பேர் இணையாகப் பேசிக்கொண்டே போவதும் உண்டு; அது கண்டிக்கத்தக்கது, எங்கள் குழுக்களிலேயே கண்டிக்கிறோம். ஆனால் ஓரமாக ஒற்றை வரிசையில் போனவர்கள் இடிபட்ட செய்திகளும் தங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் நான்கு வரியில் வந்திருக்கின்றன. அவற்றில் 'மனவுறுதி' என்ற சொல் இடம்பெறுவதில்லை.

சாலையை அகலப்படுத்துவதோடு சைக்கிளுக்குத் தனித்தடம் அமைப்பதுதான் முறையான தீர்வு. அது வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியவையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை நாலரை முதல் ஏழரை மணிவரை இடது ஓரத்தில் ஒரு வரிசைக் கூம்புகளை வைப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சனிக்கிழமை இரவின் போதைச் சோதனை விடியும்வரை நீடித்தால், அதனால் பயன்பெறுவோர் சைக்கிள்காரர்கள் மட்டுமல்லர். பால் வண்டிக்காரரும் மீன் எடுக்கப் போகும் அக்காக்களும் அதே நேரத்தில் அதே சாலையில்தான் போகிறார்கள்.

கடலின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 1994-இல் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரனைக் கொண்டாடிய மாநிலம் இது. இருந்தும், போட்டிக்குத் தயாராகிறவர் கடலில் இறங்கி நீந்த அனுமதிக்கப்பட்ட, பாதுகாப்புள்ள இடம் எது என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. குளத்தில் எவ்வளவு நீந்தினாலும் அலையைத் தாண்டி உள்ளே போவதும், ஆறேழு வீச்சுக்கு ஒரு முறை தலையை உயர்த்திக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்த்துத் திசையைச் சரிசெய்துகொள்வதும் கடலில்தான் பழகும். தென்மேற்குப் பருவத்தில் நம் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் இழுக்கும். இறங்கிய இடத்திலேயே கரையேறலாம் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். மெரினாவில் குளிப்பதற்குத் தடை இருப்பது சரியென்றே நானும் கருதுகிறேன். அங்கே பறிபோன உயிர்கள் கொஞ்சமல்ல. ஆனால் தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற, சென்னையை அடுத்த கோவளம் கடற்கரையில் குளிப்பதற்கென எல்லை வகுத்து உயிர்காப்பாளர்களையும் நிறுத்த முடிந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு காலைகளில் மீனவர்களின் வலைக்கும் படகுக்கும் இடையூறில்லாத ஒரு பகுதியை, அவர்களையே கலந்து பேசி, மிதவைகளால் எல்லை காட்டிக் கொடுப்பது அதைவிடக் கடினமான செயலாக இருக்க முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேன் ஆற்றின் நீர்த்தரம் சரியில்லை என்று ஆண்கள் டிரையத்லானையே ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். அடையாறும் கூவமும் கடலில் கலக்கும் இந்நகரில், மழைக்குப் பிறகு எந்த நாளில் எங்கே இறங்கலாம் என்பதை நாங்கள் தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் வைத்தே முடிவு செய்கிறோம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. 2025-இல் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அந்த விளையாட்டில் பேர் எடுத்திருக்கிறார்கள். கடலை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யார்? மணலில் ஓடிப் பழகிய கால்களும் அவர்களுக்கு உண்டு. டிரையத்லானில் அவர்களை அதிகம் காண முடியாததற்கு, போட்டிக்கான சைக்கிளின் விலை லட்சங்களில் இருப்பதே முதற்காரணம் என்பது என் கணிப்பு. இரவல் தரப் பத்து நல்ல சைக்கிள்களை ஒரு கடலோரப் பள்ளியில் வைத்துப் பராமரித்தால், அலுவலகம் போய்க்கொண்டே ஓடும் எங்களைப் போன்ற நடுத்தர வயதுக்காரர்களைப் பற்றிச் செய்தி போட வேண்டிய தேவையே தங்களுக்கு இராது.

கடைசியாக, எல்லாவற்றிலும் செலவு குறைந்த கோரிக்கை நீச்சல் குளம் பற்றியது. பொதுக் குளங்கள் பலவற்றில் நீளவாக்கில் கயிறு கட்டித் தடம் பிரிப்பதில்லை. குறுக்கே பாய்கிறவர், நடுவில் நின்று பேசுகிறவர், பந்து விளையாடும் சிறுவர் எல்லோருக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் தொடர்ந்து நீந்துவது இயலாது. அவர்கள் மீதும் தவறில்லை, விளையாடத்தான் அவர்கள் வருகிறார்கள். காலை ஐந்தரை முதல் ஏழு மணிவரை இரண்டே இரண்டு தடங்களைத் தொடர்ந்து நீந்துவோருக்கெனக் கயிறு கட்டி ஒதுக்கினால் போதும். பெண்களுக்கான நேரத்தைப் பொறுத்தவரை, நான் போய்வந்த குளம் ஒன்றில் அது முற்பகல் பதினொரு மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "காலைல ஜென்ட்ஸ் கூட்டம் ஜாஸ்தி மேடம், லேடீஸ் அவ்வளவா வர்றதில்லை" என்று சீட்டுக் கிழிப்பவர் பணிவாகவே பதில் சொன்னார். வேலைக்குப் போகும் பெண்ணும் கல்லூரி மாணவியும் வர முடியாத நேரத்தை ஒதுக்கிவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று கணக்கெழுதுவதை மாற்றி, வாரத்தில் மூன்று நாளாவது காலை ஆறு மணியைப் பெண்களுக்குத் தர வேண்டும் என்று, குளங்களை நடத்தும் அமைப்புகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
திருவான்மியூர், சென்னை.