பென்சில் பாட்டிக்கும் மற்ற எல்லோருக்கும்

பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கு எங்களோடு வந்தவர்களுக்கும், அங்கே பக்கத்துக் கூடாரங்களில் இருந்தவர்களுக்கும்,

வணக்கம். வீடு வந்து நான்கு நாள் ஆகிறது. பெட்டிகளை இன்னும் பிரிக்கவில்லை. மனைவி உள்ளே தூங்குகிறாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை இரவு அவளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னைத் திட்டுகிறாள்.

நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணிப் பார்த்தால் பாதிப் பேரின் பெயரே தெரியவில்லை. மருத்துவக் கூடத்தில் இரவு முழுக்க நின்றபடியே வேலை பார்த்த அந்த இரண்டு பெண்கள். கூட்டத்தை விலக்கி வழி செய்துகொடுத்த, ஆரஞ்சு உடுப்புப் போட்ட, பந்தயப் பாதுகாப்பைப் பார்க்கும் மார்ஷல் பையன். சம்பளம் வாங்காமல் தன்னார்வலர்களாகவே இந்த வேலைக்கு வருபவர்கள் அவர்கள் என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் கூடாரத்தைப் பிரித்து, மடித்து, ஒரு முளைகூடத் தொலையாமல் காரில் ஏற்றிய நண்பர்கள். இறுதிக் கொடியைப் பார்க்காமல் எங்களோடு கிளம்பி வந்த தம்பி. தன் இரண்டு குழந்தைகளோடு எங்கள் மகளையும் பார்த்துக்கொண்ட சித்தி. உங்கள் எல்லோருக்கும் நன்றி என்ற ஒரு சொல் போதாது. நேரில் வந்து சொல்கிறேன்.

ஆனால் நான்கு நாளாக என் மனம் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது ஒரு பென்சிலிடம்.

இரவு பதினொன்றரைக்கு நான் மனைவியோடு மருத்துவக் கூடத்துக்குப் போனபோது, ஒன்பது வயது மகள் கூடாரத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “அப்பா இப்ப வந்துடுவேன்” என்று சொன்னேன். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் நடந்ததை எல்லாம் சித்தி சொல்லித்தான் கேட்டேன். படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்திருக்கிறாள். காதுக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அப்போது எதிர்க் கூடாரத்திலிருந்து ஒரு பாட்டி வந்தாராம். எழுபது வயது இருக்கும். கழுத்தில் தொங்கும் நிறுத்துக் கடிகாரம், காதிடுக்கில் பென்சில், கையில் கட்டம் போட்ட தாள் செருகிய அட்டை. அவருக்குப் பிரெஞ்சு மட்டும் தெரியும். இவளுக்குத் தமிழும் பள்ளிக்கூடத்து ஆங்கிலமும்.

சித்தியிடம் சைகையில் அனுமதி கேட்டுவிட்டு, பத்தடி தள்ளி இருந்த மண்மேட்டுக்கு இவளைக் கூட்டிப்போனார். அங்கிருந்து வேலிக்கு அப்பால் கார்கள் போவது தெரியும். உட்கார்ந்ததும் இவளுடைய கவசத்தின் ஒரு பக்கத்தை ஒரு கணம் தூக்கி, கேள் என்று காட்டியிருக்கிறார். அடிவயிற்றில் இறங்கும் உறுமலோடு ஒரு கார் போனது. தாளில் 12 என்று எழுதினார். அது கேடிலாக். அடுத்து டொயோட்டா, ஃபெராரி என்று ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்றின் எண்ணையும் எழுதிக் காட்டினார். பிறகு காற்றைக் கிழிக்கிற மாதிரி ஒரு வீறிடல். 009, ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி. டர்போவும் இல்லை, ஹைபிரிட்டும் இல்லை. ஆறரை லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். ஹைப்பர்கார் என்கிற, பந்தயத்தின் மிக வேகமான பிரிவில் இந்த 2025-ஆம் ஆண்டுதான் லெ மானுக்கு வந்த கார். அது ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மகள் அதைத்தான் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று பிறகு கேட்டேன்.

“அதுதாம்பா கத்திக்கிட்டே போச்சு.”

சரி, தேர்ந்தாயிற்று. இனி என்ன? பாட்டி அட்டையையும் பென்சிலையும் இவள் கையில் கொடுத்துவிட்டார். லெ மான் சுற்று 13.626 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டும் சாதாரணச் சாலைதான். ஹைப்பர்கார்கள் அதைச் சுமார் மூன்றரை நிமிடத்தில் சுற்றி வருகின்றன. 009 மேட்டைத் தாண்டும்போதெல்லாம் பாட்டி கடிகாரத்தை அழுத்துவார், இவள் எழுத வேண்டும். கணினி வருவதற்கு முந்தைய காலத்தில் பந்தய அணிகளே பிட்டில், அதாவது கார்கள் எரிபொருளுக்கும் டயருக்கும் நிற்கும் இடத்தில், சுவரோரம் ஆள் உட்கார்த்தி இப்படித்தான் கையால் கணக்கு வைத்தன. பாட்டியும் அப்படி எங்காவது உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டங்களைப் பார்த்தால் புதிதாகப் போட்ட மாதிரித் தெரியவில்லை.

ஒரு தடவை நான்கு நிமிடம் கடந்தும் கார் வரவில்லை. மகள் எழுந்து நின்றுவிட்டாளாம். பாட்டி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, குழாய் பிடித்து எரிபொருள் நிரப்புவதுபோல் சைகை செய்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று சுற்றுக்கு ஒரு முறை இப்படித் தாமதமாகும் என்பது மூன்றாவது தடவைக்குள் இவளுக்குப் பழகிவிட்டது. “இப்ப லேட்டாகும் பாரு” என்று சித்தியிடமே சொல்லியிருக்கிறாள்.

பிறகு பாட்டி தாளின் ஓரத்தில் மூன்று குச்சி மனிதர்களை வரைந்தார். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கிறார், இரண்டு பேர் படுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள். ஆறு மணி நேர இடைவெளியில் ஒருவர் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தம் பதினான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்கே விதி. படத்துக்கு இந்த விதியெல்லாம் தெரிய வேண்டியதில்லை. படுத்திருந்த குச்சி மனிதரையும் இவளையும் மாறி மாறிக் காட்டினார், அவ்வளவுதான். மகள் பென்சிலை அவரிடம் கொடுத்துவிட்டு அவர் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். சித்தி ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்தினார்.

அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. முதல் மூன்று நெடுவரிசையில் மகளின் பெரிய, கோணல் எண்கள். ஒரு இடத்தில் கண்ணீரோ பனியோ பட்டு ஊறியிருக்கிறது. பிறகு 24 வரிகள் வேறு கையெழுத்து: சின்னதாக, சாய்வாக, 1-க்கு மேலே நீண்ட கொக்கி, 7-க்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. அப்புறம் மறுபடியும் மகளின் கையெழுத்து. எந்தச் சுற்றில் தூங்கினாள், எந்தச் சுற்றில் எழுந்தாள் என்று நான் சொல்ல முடியும். அன்றைக்கு அவள் பக்கத்தில் நான் இல்லை, ஆனால் அந்த இரவின் ஒவ்வொரு மூன்றரை நிமிடமும் என்னிடம் இருக்கிறது.

காலை ஐந்தே காலுக்கு நான் திரும்பினேன். வெளுத்துக்கொண்டிருந்தது. மேட்டில் இரண்டு தலைகள் அட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் மகள் ஓடிவரவில்லை.

“88 சுத்து ஆச்சுப்பா” என்றாள். “அம்மா?”

“நல்லா இருக்கா.”

தலையை ஆட்டினாள். 009 போனது. 89 என்று எழுதிவிட்டு எழுந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பாட்டி என்னைப் பார்த்து ஒரு சொல் பேசவில்லை. நாற்காலியை மடித்தார், என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார், தன் கூடாரத்துக்குப் போய்விட்டார். நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குறைதான் இந்த மடல்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோதுதான் நம்மில் பலருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. லெ மானுக்கு நான் ஒரு பெரிய திட்டத்தோடுதான் வந்தேன். வெள்ளிக்கிழமை பிட் பாதையில் நடந்தோம், ஊருக்குள் பழைய கார்களில் ஓட்டுநர்கள் ஊர்வலம் வந்ததைப் பார்த்தோம். சனிக்கிழமை நான்கு மணிக்கு ரோஜர் ஃபெடரர் கொடியசைக்க 62 கார்கள் கிளம்பின. அதுவரை எல்லாம் திட்டப்படிதான். நள்ளிரவில் பேருந்து பிடித்து ஆர்னாஜ் வளைவுக்குப் போய், பிரேக் வட்டுகள் இருட்டில் செக்கச்செவேல் என்று எரிவதைப் பார்ப்பது, ராட்டினத்தில் ஏறி மேலிருந்து விளக்குகளைப் பார்ப்பது, முடிந்ததும் ரசிகர்களோடு ரசிகர்களாக ஓடுதளத்துக்குள் இறங்கிப் பரிசு மேடை வரை நடப்பது என்று மீதி எதுவும் நடக்கவில்லை. முடிவைக்கூட மருத்துவமனைக் கட்டிலோரத்தில் கைபேசியில்தான் பார்த்தோம். மஞ்சள் நிற 83-ஆம் எண் ஃபெராரியை ராபர்ட் குபிட்சா கொண்டுவந்து சேர்த்தார். 2011-இல் ராலி விபத்தில் வலது கை சிதைந்த மனிதர். இரண்டாவதாக வந்த போர்ஷேவுக்கும் அவருக்கும் வெறும் 14 விநாடி இடைவெளி. மனைவி அந்தக் கட்டிலில் படுத்தபடியே கை தட்டினாள். மகளுக்கு அதில் அக்கறையே இல்லை. “009 வந்துச்சா?” என்று மூன்று தடவை கேட்டாள். வந்தது. முதல் பத்துக்குள் வரவில்லை, ஆனால் ஓடி முடித்தது.

இத்தனை வருடம் பந்தயம் பார்க்கிறேன், முன்னணியில் போகிறவனைத் தவிர வேறு யாரையும் நான் பார்த்ததே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. 24 மணி நேரத்தில் 62 கார்கள், 186 ஓட்டுநர்கள். நான் பார்த்தது நாலைந்து பேரை.

அடுத்த ஜூனில் மறுபடி வருவோம், மனைவியும் சரி என்று சொல்லிவிட்டாள். ஆர்னாஜ் வேண்டாம், ராட்டினம் வேண்டாம். அதே மண்மேட்டில்தான் இருப்போம். இரண்டு அட்டை, ஒரு கட்டு கட்டம் போட்ட தாள், கூடுதலாகக் குழந்தைகளுக்கான காதுக் கவசம் ஒன்று கொண்டுவருகிறேன். தூக்கம் வராத குழந்தை யாராவது அங்கே இல்லாமலா போகும்?

பாட்டிக்குத் தமிழ் தெரியாது. பிரெஞ்சு தெரிந்தவர்கள் யாராவது இதை அவரிடம் சேர்த்தால் புண்ணியமாகப் போகும். அவரிடம் இதையும் சொல்லுங்கள்: உங்கள் பென்சில் எங்களிடம்தான் இருக்கிறது. நாங்கள் திருடவில்லை, அவசரத்தில் அட்டையோடு வந்துவிட்டது. முனை மழுங்கிவிட்டது, ஆனால் மகள் சீவ விடமாட்டேன் என்கிறாள். நேற்று அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினேன். எல்லா 7-க்கும் நடுவில் குறுக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.