மேட்டில் என் பேச்சு நின்றதைக் கவனித்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இதயத்தில் மைட்ரல் என்ற வால்வு கசிந்ததற்காக ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு வாரம். நேற்று எடுத்த எக்கோவில் (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை) கசிவு 'மிகச் சிறிது' என்று வந்திருக்கிறது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டிய நன்றிதான் இது. ஆனால் உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. எனக்கு ரத்தம் கொடுத்தவர்களின் முகத்தையே நான் பார்த்ததில்லை. அதனால் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன். வால்வு கசிவை வைத்துக்கொண்டு, 'இப்போதே செய்துவிடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா' என்று தவித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில், எங்கள் குடும்ப மருத்துவர் ஐயாவுக்கு. ஒன்பது வருடத்துக்கு முன்பு சாதாரண இருமல் என்றுதான் உங்களிடம் வந்தேன். எனக்கு அப்போது 46 வயது. ஸ்டெதாஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்தீர்கள், அப்புறம் அக்குள் பக்கம் நகர்த்தினீர்கள், கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் கேட்டீர்கள். "லப்புக்கும் டப்புக்கும் நடுவுல ஒரு ஊதல் சத்தம் வருதும்மா. பயப்பட ஒண்ணுமில்ல. எக்கோ எடுத்துப் பார்த்துடலாம்" என்றீர்கள். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தாலும் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எக்கோவில் விஷயம் தெரிந்தது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. இரண்டு இதழ்கள், அவற்றைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்க மெல்லிய நாண்கள். என்னுடையதில் பின்னிதழின் நாண்கள் தளர்ந்து, இதழ் மேலறைப் பக்கம் பிதுங்கியிருந்தது. கீழறை சுருங்கும்போது மொத்த ரத்தமும் மகாதமனி வழியே உடம்புக்குப் போக வேண்டும். எனக்கு அதில் ஒரு பகுதி வந்த வழியே மேலே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கசிவு நடுத்தரம் என்றார்கள்.

இதய மருத்துவர் அவர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. முதல் நாளே ஒரு சின்ன நோட்டில் தேதி, எண், எண் என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். "லேசான கசிவுன்னா மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ போதும். உங்களுக்கு வருஷத்துக்கு ஒண்ணு. அதிகமாச்சுன்னா ஆறு மாசத்துக்கு ஒண்ணு" என்றீர்கள். இதழை ஒட்டவைக்க மாத்திரை கிடையாது என்பதையும் அன்றே சொல்லிவிட்டீர்கள். ரத்த அழுத்தத்தை அடக்கி வைப்பது நம் கையில், வாய்க் கிருமி ரத்தம் வழியே வால்வுக்குப் போகாமல் பல்லைச் சுத்தமாக வைத்துக்கொள்வது நம் கையில், மற்றதை அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றீர்கள். எனக்கோ உள்ளே கசிவு என்று தெரிந்ததும் அன்றைக்கே அடைத்துவிட வேண்டும் போலிருந்தது. நீங்கள் அவசரப்படவில்லை. இன்னும் கெடாத இதயத்தைத் திறப்பதிலும் ஆபத்து உண்டு, கெட்ட பிறகு திறந்தால் வால்வைச் சரிசெய்தாலும் நைந்துபோன தசை பழையபடி ஆகாது, நடுவில் ஒரு காலம் வரும், அதைத் தவறவிடாமல் பிடிக்கத்தான் இந்த நோட்டு என்றீர்கள். அந்தப் பேச்சு நாற்பது நிமிடம் ஆனது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

நடுவில் ஒரு வருடம் வேறோர் இடத்தில் காட்டினோம். "மூச்சு வாங்கினா வாங்க, அதுவரைக்கும் மறந்துடுங்க" என்றார்கள். கேட்க ஆறுதலாக இருந்ததால் அந்த வருடம் எக்கோ எடுக்கவில்லை. நோட்டில் அந்த வரி காலியாகவே இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். மூச்சு வாங்குவதற்கு முன்பே இதயம் பெருக்க ஆரம்பித்துவிடலாம் என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

எக்கோ அறையில் இருந்த தங்கைக்கு. எட்டு வருடமும் பெரும்பாலும் நீதான் எடுத்தாய். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, ஜெல்லைக் கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் தடவுவாய். ஓர் அளவு எடுத்ததும் அப்படியே விட மாட்டாய். இன்னொரு துடிப்பில், மற்றொரு துடிப்பில் என்று மறுபடி மறுபடி அளப்பாய். "ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வந்தா அது என் கையாகவும் இருக்கலாம், உங்க இதயமாகவும் இருக்கலாம் அக்கா. அதான் பழைய படத்தையும் பக்கத்துல வச்சுக்கிறேன்" என்பாய். அந்த இருட்டில் திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதெல்லாம் இந்தக் கருவியைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வரும். 1953இல் ஸ்வீடனில் எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும் சேர்ந்து, உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் ஒலிக் கருவியை ஒரு கப்பல் கட்டும் தளத்திலிருந்து இரவல் வாங்கி இதயத்தின் மேல் வைத்துப் பார்த்தார்களாம். எட்லர் தேடியதும் மைட்ரல் வால்வைப் பற்றித்தான். அவர்களுக்கும் என் நன்றி.

நோட்டில் இரண்டு எண்கள்தான் முக்கியம். ஒன்று, சுருங்கி முடித்த நிலையில் இடது கீழறையின் குறுக்களவு. மற்றது, ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை தன்னிடமிருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பது. எனக்கு 33, 34, 36 மில்லிமீட்டர் என்று முதல் எண் மெல்ல ஏறியது. 68, 66, 64 என்று இரண்டாவது இறங்கியது. ஐந்தாவது வருடம் கசிவு தீவிரமாகிவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்றானது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும், குறுக்களவு 40 மில்லிமீட்டரைத் தொட்டாலோ சதவீதம் 60க்கு வந்தாலோ ஆபரேஷன் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் வரைமுறை.

இந்த 60ஐப் பார்த்து என் அண்ணன் ஆடிப்போய்விட்டார். "அறுபதுதானா? அப்போ நாற்பது போச்சா?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து விளக்கிய நர்ஸம்மா, உங்களை மறக்கவே மாட்டேன். யாருடைய இதயமும் நூறு சதவீதம் காலியாவதில்லை, நல்ல இதயத்துக்கே 55இலிருந்து 70க்குள்தான் இருக்கும் என்றீர்கள். அப்படியானால் 60க்கு எதற்கு ஆபரேஷன் என்று அண்ணன் விடவில்லை. "கசியற இதயம் தள்ளுற ரத்தத்துல ஒரு பங்கு பின்பக்கமா சுலபமா நழுவிப் போயிடுது. அதுக்குத் தசை பாடுபடவே வேண்டாம். அதனால எண் நல்லாத் தெரியும், உள்ளே தசை களைச்சுப்போயிருக்கும். கசியற இதயத்துக்கு 60ன்னா அது இறங்கிட்டதாத்தான் அர்த்தம்" என்றீர்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அன்றுதான் விளங்கியது. (படிப்பவர்களுக்கு ஒன்று: இந்தக் கணக்கு மைட்ரல் வால்வே பழுதாகிக் கசிபவர்களுக்கு. மகாதமனி வால்வு கசிவுக்கு அளவுகள் வேறு. இதயத் தசை பலவீனமாகி அதனால் வால்வு கசிந்தால் அதற்கும் வேறு வழி. உங்கள் எண்ணை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.)

இனி அக்காவுக்கு. பக்கத்து வீட்டு அக்கா, என்னோடு பதினொரு வருடமாகக் காலையில் நடப்பவர்.

அக்கா, நான் பொய் சொல்லவில்லை, எனக்கே தெரியவில்லை. மருத்துவர் "மூச்சு வாங்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் "இல்லை சார்" என்றுதான் சொன்னேன். மாடிப்படியை விட்டு லிஃப்ட்டில் ஏற ஆரம்பித்ததை வசதி என்று நினைத்தேன். ஒரே நடையில் தூக்கி வந்த பையை இரண்டு நடையாகப் பிரித்ததை வயது என்று நினைத்தேன். தலைக்கு இரண்டாவது தலையணை எப்போது வந்தது என்பதே நினைவில்லை. மூச்சு வாங்கும் இடத்துக்கே போகாமல் இருந்துவிட்டு, மூச்சு வாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீங்கள்தான் பார்த்தீர்கள். சமதரையில் ஓயாமல் பேசிக்கொண்டு வரும் நான், மேட்டுப் பாதை தொடங்கியதும் வாயை மூடிவிடுவேன் என்று கவனித்தீர்கள். முதலில் மூன்றாவது விளக்குக் கம்பம் வரை பேச்சு வந்தது, அப்புறம் இரண்டாவது கம்பம், அப்புறம் மேட்டுப் பக்கமே வேண்டாம் என்று நானே வேறு வழியில் திருப்பினேன். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் உங்கள் நடையைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அன்றைக்கு மருத்துவர் அறைக்குள் என்னோடு வந்து, நான் வழக்கம்போல "இல்லை சார்" என்றதும், "சார், இவ மூணு மாசமா மேட்டுப் பக்கமே வரலை" என்று போட்டு உடைத்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வாரமே டிரெட்மில்லில் நடக்கவைத்தார். போன முறை நடந்ததில் பாதிதான் முடிந்தது. எக்கோவில் 40, 60. இரண்டு எண்ணும் கோட்டைத் தொட்டிருந்தன. அறிகுறியோடு தீவிரக் கசிவு இருந்தால், எண் கோட்டைத் தொடும் வரை காத்திருக்கவே வேண்டியதில்லை என்றும் சொன்னார். ஆக, நோட்டுக்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அக்கா.

அறுவை மருத்துவர் அவர்களுக்கு. இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். வருடத்துக்கு எத்தனை மைட்ரல் ஆபரேஷன் செய்கிறீர்கள், என்னுடையதைப் போன்ற வால்வை எத்தனை பேருக்கு மாற்றாமல் ரிப்பேர் செய்ய முடிந்தது என்று. முகம் சுளிக்காமல் பதில் சொன்னீர்கள். முடிந்தவரை சொந்த வால்வையே தைத்து, செயற்கை நாண் கட்டி, சுற்றிலும் ஒரு வளையம் வைப்பதாகச் சொன்னீர்கள். முடியாமல் போனால் என்ன என்பதை நான் மயக்கத்துக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்யச் சொன்னீர்கள். உலோக வால்வு என்றால் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமலிருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும். விலங்குத் திசுவால் செய்த வால்வு என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் தேயலாம். நானும் என் கணவரும் இரண்டு நாள் பேசி எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாளுக்கு வேலை வரவில்லை. என் வால்வே எனக்குத் திரும்பக் கிடைத்தது.

ஆபரேஷனுக்கு முன்பு என் பல்லையெல்லாம் பார்த்துச் சுத்தம் செய்து அனுப்பிய பல் மருத்துவருக்கும், இதயத்தை நிறுத்தி வைத்திருந்த நேரம் முழுக்க இதய-நுரையீரல் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கும், மயக்க மருத்துவருக்கும், முகம் தெரியாத ரத்தக் கொடையாளர்களுக்கும் நன்றி.

ஐ.சி.யூ.வில் இரண்டாம் நாள் ராத்திரி. மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இருமல் வந்தால் உயிர் போகிறது. இருமாமல் அடக்கிக்கொண்டே படுத்திருந்தேன். ராத்திரி வேலையில் இருந்த தம்பி ஒரு தலையணையை மடித்து என் கையில் கொடுத்து, "இதை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்கம்மா, சளி உள்ளே தங்கக் கூடாது" என்றார். என் கைமேல் அவர் கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். இருமினேன். வலித்தது, ஆனால் தாங்க முடிந்தது. அடுத்த நாள் இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தபோதும் அவர்தான் பக்கத்தில் இருந்தார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கும் வருவதுதான் என்று சொல்லி, மருந்து ஏறி அடங்கும் வரை நகரவில்லை. தம்பி, உன் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் காரணமே இல்லாமல் அழுதேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு எதற்கு அழுகை என்று வீட்டில் பயந்துவிட்டார்கள். முன்பே இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அண்ணன், யார் சொல்லியோ ஃபோன் செய்தார். "எனக்கும் வந்துச்சும்மா, ஒரு மாசம் இருந்துச்சு, போயிடுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது போதுமாக இருந்தது.

என் கணவருக்கும் மகளுக்கும் இங்கே எழுதினால் முடியாது. மாத்திரை வேளையைக் கதவில் ஒட்டியதிலிருந்து, எட்டு வாரம் ஒரு குடத்தைக்கூட என்னைத் தூக்கவிடாதது வரை எல்லாம் எனக்குத் தெரியும். இனி ஈறில் ரத்தம் வரக்கூடிய பல் வேலை என்றால் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும் என்பதை நான் மறந்தாலும் நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

நேற்று எக்கோ முடிந்த தைரியத்தில், இன்று காலை அக்காவும் நானும் மேட்டுப் பாதைக்குப் போனோம். மெதுவாகத்தான் ஏறினோம். இரண்டாவது கம்பம் தாண்டியதும் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் மகள் சொன்ன கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கம்பத்திலும் கதை முடியவில்லை.

நன்றியுடன்,
அக்காவோடு நடப்பவள்