இரட்டைமலை சீனிவாசனின் சட்டமன்ற உரைகள் தமிழில் வர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 18 அன்று இரட்டைமலை சீனிவாசன் படத்துக்கு மாலை போடுகிறோம். அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று பேசுகிறோம், கலைந்துவிடுகிறோம். போன நினைவுநாளில் ஒரு கல்லூரி மாணவி, "சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார், படிக்கக் கிடைக்குமா?" என்று கேட்டாள். அவள் கையில் எடுத்துக் கொடுக்க எங்களிடம் எதுவும் இல்லை. இந்த வேலை தொடங்கியது அன்றுதான்.

1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கி நடத்தியவர், பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவில் இருந்துவிட்டு 1921-ல் திரும்பினார். 1923-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினர் ஆனார். தொகுதி கிடையாது, ஓட்டு கேட்டு வந்தவரும் இல்லை. ஒடுக்கப்பட்டோர் சார்பில் அந்த அவையில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எந்தத் தீர்மானம் நிறைவேற வேண்டுமென்றாலும் மற்றவர்களின் சம்மதத்தைப் பேசித்தான் வாங்க வேண்டும்.

அப்படிப் பேசி 1924-ல் அவர் நிறைவேற்றிய தீர்மானத்தை நினைத்தால் எங்களுக்கு இன்றும் சிலிர்க்கிறது. எந்த வகுப்பினரும் எந்த ஊரிலும் பொதுச்சாலையில், தெருவில் நடக்கலாம். மற்றவர்களைப் போலவே பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதற்கும் போகலாம் என்றது அது. அரசு அதை ஆணையாகவும் வெளியிட்டது. அதே ஆண்டில்தான் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்துகொண்டிருந்தது. ஆணை வந்த மறுநாளே எல்லாத் தெருவும் திறந்துவிடவில்லை, உண்மைதான். ஆனால் வழிமறிக்கப்பட்டவர் அரசாங்கமே சொல்லியிருக்கிறது என்று எடுத்துக்காட்ட ஓர் ஆதாரம் கிடைத்தது.

ஒரு சட்டமன்ற உறுப்பினரின் உழைப்பு பெரும்பாலும் அவர் கேட்ட கேள்விகளில்தான் இருக்கிறது. அவை நடவடிக்கைக் குறிப்புகளின் தடித்த ஆங்கிலத் தொகுதிகளுக்குள் கிடக்கின்றன. தாள் பழுத்துவிட்டது, புரட்டும்போதே ஓரம் உதிர்கிறது. நாங்கள் அவர் பெயர் வரும் பக்கங்களைத் தேடிப் படியெடுக்கிறோம், தமிழாக்குகிறோம். அரசுத் தரப்பு சொன்ன பதிலையும் கூடவே சேர்க்கிறோம். பதில் இல்லாமல் கேள்வியை மட்டும் போடுவது நியாயமாகாது.

மொழிபெயர்ப்புக்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் யாரும் கூலி வாங்குவதில்லை. இதுவரை ஆன செலவும் எங்கள் கைப்பணம்தான். இனி அச்சுக்கோப்பு, தாள், அச்சுக்கூலி, கட்டுமானம் இருக்கின்றன. அதற்குத்தான் உங்களிடம் கேட்கிறோம். புத்தகத்தை விற்கப் போவதில்லை. கிளை நூலகங்களுக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்கும் இலவசமாகப் போகும்.

நூறு ரூபாயானாலும் சரி, குழு உறுப்பினர்களிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தவர்கள் பெயரைக் கடைசிப் பக்கத்தில் போடுவோம். வேண்டாம் என்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை வெளியீட்டு நாளன்று கூட்டத்திலேயே வாசிப்போம். அப்புறம் இன்னொன்று: வீட்டில் அந்தக் காலத்து நோட்டீஸ், கடிதம், படம் ஏதாவது இருந்தால் காட்டுங்கள். படமெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
பதிப்புக் குழுவினர்