நவம்பர் முதல் ஞாயிறு வருவதற்குள்

பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் நிறுவனங்களின் குழு மேலாளர்களுக்கு,

வணக்கம். 22 ஆண்டுகள் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். வேலையும் வீடும் சமமாக இருக்க வேண்டும் என்று உங்கள் மனிதவளத் துறை ஆண்டுக்கொரு முறை யோகா வகுப்பு நடத்தும். அதற்கும் ஊழியர்கள் வேலை முடிந்தபின் காத்திருந்துதான் போக வேண்டியிருக்கும். நான் பேச நினைப்பது கடிகாரத்தைப் பற்றி.

நியூயார்க் வாடிக்கையாளரோடு எங்களுக்குத் தினமும் ஒரு கூட்டம் உண்டு. அங்கே காலை 10 மணி என்றால், அவர்களுடைய கோடையில் நமக்கு இரவு 7.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அவர்களுக்கு அப்போதும் காலை 10 மணிதான். நமக்கோ 8.30 ஆகிவிடும், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை. வடகிழக்குப் பருவமழையைப்போல இதுவும் வரும், போகும் என்று பல ஆண்டுகள் இருந்துவிட்டேன்.

சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண் ஒருநாள் கேண்டீனில் பேச்சுவாக்கில் சொன்னார்: "சார், என் மகளுக்கு நவம்பர் மாதமே பிடிக்காது. கதை சொல்லித் தூங்கவைக்க அம்மா வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று இரவே வாடிக்கையாளருக்கு இரண்டு வரி எழுதினேன். குளிர்காலத்தில் கூட்டத்தை உங்கள் 9 மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று. "தாராளமாக. உங்களுக்கு நேரம் மாறுகிறது என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை" என்று பதில் வந்தது. இத்தனை ஆண்டும் அவர்கள் மறுத்ததே இல்லை. நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் வாடிக்கையாளரிடம் கேட்க முடியாது. கேட்பதற்குத்தான் எனக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்திருந்தார்கள் என்று அன்றைக்கு உறைத்தது.

எல்லா வாடிக்கையாளரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பின்னாளில் ஒருவர் மறுக்கத்தான் செய்தார். சரி, அதற்காகக் குழுவின் எட்டுப் பேரும் ஏன் உட்கார வேண்டும்? முறைவைத்து இருவர் உட்கார்ந்தோம். மற்றவர்கள் குறிப்பைக் காலையில் படித்தார்கள். குடிமுழுகிப் போகவில்லை.

இன்னொரு குற்றமும் என் கணக்கில் இருக்கிறது. இரவு 11 மணிக்கு மின்னஞ்சல் அனுப்புவேன். அடியில் 'நாளை பார்த்தால் போதும்' என்று எழுதுவேன், நல்லவன் என்ற நினைப்பு வேறு. ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். மேலாளர் விழித்திருக்கிறார் என்று தெரிந்தபின் யாருக்குத் தூக்கம் வரும்? எழுதியதை மறுநாள் காலை 9 மணிக்குப் போகும்படி வைக்கும் வசதி மின்னஞ்சலிலேயே இருக்கிறது. அதைப் பழக எனக்கு வெகுகாலம் பிடித்தது.

விடுப்பு கேட்டால் உடனே கொடுத்துவிடுகிறோமே என்பீர்கள். நிரலின் ஒரு பகுதி ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்றால், தங்கை கல்யாணப் பந்தியில் அவர் சாம்பார் ஊற்றும்போதும் மண்டபத்து அறையில் மடிக்கணினி திறந்தே இருக்கும். இரண்டாவது ஆளைத் தயார் செய்ய நேரம் ஒதுக்க வேண்டியவர் நீங்கள். இரவு 2 மணிக்கு சர்வர் கணினி முடங்கி ஒருவரை எழுப்பினால், மறுநாள் முற்பகலை அவர் கேட்காமலே அவருக்கு விட்டுவிடுங்கள்.

ஆண்டு விழாவில் யாரை மேடைக்கு அழைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து, உடைந்ததைச் சரிசெய்தவருக்குக் கேடயம். உடையாமல் எழுதிவிட்டு ஆறு மணிக்கு வண்டியை எடுத்தவர் பின்வரிசையில் கைதட்டிக்கொண்டிருப்பார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சட்டம் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். பிரான்சில் 2017 முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், பணிநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அந்த உரிமை 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நம் மக்களவையில் உறுப்பினர் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா, கொண்டுவந்தார். ஆனால் நம் நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா ஒன்று கடைசியாக நிறைவேறியது 1970-இல்! இதற்கிடையே 2023-இல் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார், 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் 90 என்றார். அவர்களோடு மல்லுக்கட்ட எனக்கும் தெம்பில்லை, உங்களுக்கும் அதிகாரமில்லை. உங்கள் குழுவின் கூட்ட நேரம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

அக்டோபர் முடிவதற்குள் ஒருநாள் காலண்டரைத் திறந்து, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பிறகு எந்தெந்தக் கூட்டம் எந்த மணிக்கு நகர்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு, வாடிக்கையாளருக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு மேலாளர்
சோழிங்கநல்லூர்