வாத்தியார்களுக்கும் பாடம் நடத்துங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கிவிட்டால் உங்கள் நாளிதழில் கட்ஆஃப், காலியிடம், எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்று பக்கம் பக்கமாக வருகிறது. பெற்றோருக்கு அது தேவைதான். நான் சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் 21 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்த பிள்ளைக்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்று எழுத வேண்டும் என ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம் எழுதியே விடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

வாசலைத் திறந்துவிட்ட விஷயத்தில் தமிழ்நாட்டைக் குறை சொல்ல மாட்டேன். 2007-08 கல்வியாண்டிலிருந்து நுழைவுத்தேர்வு இல்லை. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. 2021இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அந்தப் பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதன் பலனை நான் வருகைப் பதிவேட்டிலேயே பார்க்கிறேன். தாரமங்கலத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன், ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்பவரின் மகள், சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெண் என்று முன்பு எங்கள் கல்லூரிப் படியேறாத வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் அப்படி வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். ஏற்காட்டையும் தாண்டி உள்ளே இருக்கிற ஒரு மலைக் கிராமம். அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் படித்தவள். முதல் நாளே வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அவளுடைய சாதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, “மலையாளியா? கேரளாவில் எந்த ஊர்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சேலம் மாவட்ட மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர், தலைமுறை தலைமுறையாக இந்த மலையில் இருப்பவர்கள், பேசுவது தமிழ். எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். கேட்டவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெண் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அடுத்த தப்பு என்னுடையது. பொருள்களின் வலிமையைச் சோதிக்கிற ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் மாதிரித் தேர்வு. “டிஃபைன் டக்டிலிட்டி” என்று கேட்டேன். நின்றாள். இன்னொரு தரம் கேட்டேன். நோட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “பிரிப்பேர் பண்ணிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வாரம் விடுபட்ட சோதனைகளை முடித்துக் கொடுப்பதற்காக லேபைத் திறந்து வைத்திருந்தோம். மைல்ட் ஸ்டீல் கம்பியை யூ.டி.எம். மெஷினில் மாட்டி அறும்வரை இழுக்கிற சோதனை. எவ்வளவு விசை என்று டயலில் முள் காட்டும். நான் அலமாரிக்குப் பின்னால் ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்ற தோழிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். “முள்ளையே பாரு. மேல போய் நிக்கும், அப்புறம் அதுவா இறங்கும். இறங்கறப்போ முள்ளைப் பாக்காத, கம்பியைப் பாரு. நடுவுல கழுத்தாட்டம் ஒடுங்கும். அதுக்கப்புறம்தான் டப்புனு அறும்.” சொன்னபடியே கம்பி அறுந்தது. இரண்டு துண்டையும் எடுத்துத் தோழியின் உள்ளங்கையில் வைத்து, “தொட்டுப் பாரு, சூடா இருக்கும். இது குழிஞ்சு கிண்ணமாட்டம் இருக்கு, அது கூம்பாட்டம் இருக்கு பாரு” என்றாள்.

பொறியியல் படித்தவர்களுக்குத் தெரியும், புத்தகத்தில் இதற்கு நெக்கிங் என்றும் கப் அண்ட் கோன் என்றும் பெயர். கழுத்து, கிண்ணம், கூம்பு. அத்தனையையும் அவள் கண்ணால் பார்த்துத் தன் வாயால் சொல்லிவிட்டாள். நான் கேட்ட டக்டிலிட்டிகூட, பள்ளிப் புத்தகத்தில் ‘கம்பியாக நீளும் தன்மை’ என்று அவள் படித்ததுதான். அந்த இரண்டு சொல்லும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது நான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை பேரை “பிரிப்பேர் பண்ணிட்டு வா” என்று அனுப்பியிருப்பேன் என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

இப்போது முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டுவிடுகிறேன். தகைவு, ஸ்ட்ரெஸ். திரிபு, ஸ்ட்ரெய்ன். திருப்புத் திறன், மொமென்ட். எழுதி முடிக்க பத்து நிமிடம் ஆகும். பரீட்சையை ஆங்கிலத்தில்தான் எழுதப் போகிறார்கள், அதனால் ஆங்கிலச் சொல் கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் இது நமக்குத் தெரிந்த பாடம்தான் என்ற தைரியம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இலேயே சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்வழி, ஆங்கிலவழி என்று கட்சி கட்டுவதைவிட, இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற பழக்கம் எல்லா வகுப்பிலும் வர வேண்டும் என்பது என் கருத்து.

இதை நான் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. ஒரு பெண்ணை நோகடித்த பிறகு கற்றேன். என் ஆதங்கமே அதுதான். ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்றால் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும், தகுதித் தேர்வும் எழுத வேண்டும். பிளஸ் டூவுக்கு பி.எட். வேண்டும். பொறியியல் கல்லூரிக்கு எம்.இ. போதும். நேற்றுவரை மாணவனாக பெஞ்சில் இருந்தவர் இன்று சாக்பீஸோடு 60 பேர் முன்னால் நிற்கிறார். தொழில்நுட்ப ஆசிரியர்களுக்கென்றே சென்னை தரமணியில் 1964இலிருந்து ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. புதிதாகச் சேருபவர்களுக்காக, அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 8 பகுதிகள் கொண்ட இணையவழிப் பயிற்சியும் கொண்டுவந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் என்னைப் போல முன்பே சேர்ந்துவிட்டவர்களுக்குக் கிடைப்பது எஃப்.டி.பி. என்கிற ஒரு வாரப் பயிற்சிதான்.

நான் அப்படி 17 பயிற்சிக்குப் போயிருக்கிறேன். 3டி பிரிண்டிங், இண்டஸ்ட்ரி 4.0, மெஷின் லேர்னிங். எல்லாச் சான்றிதழும் கோப்பில் இருக்கிறது. தர மதிப்பீட்டுக் குழு வரும்போது எடுத்து வைப்போம். அந்த 17இல் ஒன்றில்கூட, உங்கள் வகுப்பில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை என்ன செய்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அப்புறம், இந்தப் பயிற்சிகளுக்கு லேப் இன்ஸ்ட்ரக்டர்களை யாரும் அழைப்பதில்லை. மாணவர்களைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் அவர்கள்தான். எங்கள் எலக்ட்ரானிக்ஸ் லேபில் ஒரு பையனுடைய சர்க்யூட் வாராவாரம் தப்பாகவே வரும். கவனமில்லாத பையன் என்று ஆசிரியர்கள் முடிவு கட்டியிருந்தோம். இன்ஸ்ட்ரக்டர்தான் அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு ரெசிஸ்டரைக் கையில் கொடுத்து, இதில் சிவப்புக் கோடு எது, பழுப்புக் கோடு எது என்று கேட்டார். அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ரெசிஸ்டரின் அளவை அதன் மேலுள்ள நிறக் கோடுகள்தான் சொல்லும். பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம். முதல் கோடும் சிவப்பாக இருந்தால் 2,000. அவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு மாட்டச் சொன்னார். பிரச்சினை தீர்ந்தது. பத்தாவது படித்துவிட்டு ஐ.டி.ஐ. முடித்தவர் அவர். துறைக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது.

பெண் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும். 1943இல் கிண்டியில் மின்பொறியியல் முடித்த அ. லலிதாவின் சான்றிதழில் ‘ஹி’ என்று அச்சாகியிருந்ததை அடித்துவிட்டு ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அது அந்தக் காலம் என்று விட்டுவிடலாம். நான் படித்த தொண்ணூறுகளில் ஒர்க்‌ஷாப்பில் “பசங்க மெஷின்ல நில்லுங்க, பொண்ணுங்க ரீடிங் எழுதுங்க” என்பார்கள். நான்கு வருடமும் ரீடிங் எழுதியே முடித்தேன். லேத் என்கிற கடைசல் மெஷினில் முதல் முதலாகக் கை வைத்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு, மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பின்னால். போன செமஸ்டரில் எங்கள் ஒர்க்‌ஷாப் பக்கமாக நடந்து போனபோது அதே வாக்கியம் காதில் விழுந்தது. சொன்னவர் 28 வயது ஆசிரியர். உள்ளே போய்ப் பெண்களை மெஷினில் நிற்கச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “எங்களுக்கும் அப்படித்தான் மேடம் சொல்லித் தந்தாங்க” என்றார்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் தருகிறது. அந்த இடத்தில் வந்து சேருகிற பிள்ளைக்கு டிராயிங் ஹால் மூன்றாம் மாடியில் இருந்தால் என்ன செய்வது? ஒரு நாள் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஆசிரியர்கள் கட்டடம் முழுவதும் நடந்து பார்த்தாலே பாதி வேலை தெரிந்துவிடும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் கிடையாது. ஒரு வாரப் பயிற்சியில் ஒரு நாளைப் பாடம் நடத்துவதற்கென்று ஒதுக்குங்கள். அந்த ஒரு நாளும் ஏ.சி. கருத்தரங்கக் கூடத்தில் வேண்டாம், லேபிலேயே நடக்கட்டும். இன்ஸ்ட்ரக்டர்களும் உட்காரட்டும். மலையிலிருந்தும் தறிக்கொட்டகையிலிருந்தும் வந்து படித்து முடித்த பழைய மாணவர்கள் இரண்டு பேரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். நாம் குறுக்கே பேசாமல் கேட்போம். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தமிழில் பதில் சொன்னால் மதிப்பெண் குறையாது என்று பல்கலைக்கழகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பட்டும். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர்களுக்கும் அது தெரிய வேண்டும்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கல்லூரி முதல்வர்களைப் பேட்டி காணும்போது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்ட கையோடு, முதல் வருடத்தில் எத்தனை பேர் படிப்பை விட்டுப் போனார்கள், போனவர்களின் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள்.

அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டாள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறாள். அறுந்த கம்பித் துண்டு இரண்டும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. புது மாணவர்கள் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் துறை ஆசிரியர்கள் ஆறு பேர் லேபில் உட்காரப் போகிறோம். முதல் ஒரு மணி நேரம் இன்ஸ்ட்ரக்டர்தான் பேசுவார். அவளையும் கூப்பிட்டிருக்கிறேன். லீவு கிடைத்தால் வருகிறேன் மேடம் என்றிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு பொறியியல் கல்லூரி ஆசிரியை,
சேலம்.