ஆர்க்கிடெக்ட் ஆகியிருக்கும் நண்பனுக்கு

அன்புள்ள குமரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து நிம்மதி அடைந்தேன். இங்கே அனைவரும் நலம். மகள் இவ்வாண்டு பிளஸ் டூ என்பதால் வீடு முழுவதும் அவளுடைய கால அட்டவணைப்படிதான் நடக்கிறது.

மென்பொருளின் ஒட்டுமொத்தக் கட்டமைப்பை வடிவமைக்கும் ஆர்க்கிடெக்டாக உயர்ந்துவிட்டாய், மிக்க மகிழ்ச்சி. இனிமேல் நிரல் எழுதுவது உன் வேலையல்ல என்று மேலாளர் சொன்னதாகவும், அப்படியானால் தொழில்நுட்பம் எவ்வளவு தெரிந்திருந்தால் போதும் என்றும் கேட்டிருந்தாய். குழுவில் உள்ள எல்லோரையும்விட வேகமாக நீ நிரல் எழுத வேண்டியதில்லை. ஆனால் கட்டமைப்பு வரைபடத்தில் நீ வரைகிற ஒவ்வொரு கோடும் எந்த இடத்தில் அறுந்துபோகும் என்பது உனக்குக் கைப்பட்ட அறிவாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஒரு செயலியை தனித்தனியே ஓடும் நாற்பது சிறு சேவைகளாக, அதாவது மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூன்று பிரதிகளாக ஓட்டி, எல்லாவற்றையும் ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு இணைப்பதாக வைத்துக்கொள். வரைபடத்தில் அது நேர்த்தியாகவே தெரியும். ஜாவா செயலிகள் எழுத உதவும் ஸ்பிரிங் பூட்டோடு, தரவுத்தள இணைப்புகளைத் திறந்து நிர்வகிக்க வரும் ஹிகாரி, நாம் மாற்றாதவரை, ஒரு பிரதிக்கு 10 இணைப்புகள் வரை திறந்து வைக்கும். ஆக மொத்தம் 1,200. போஸ்ட்கிரெஸோ இயல்பு நிலையில் 100 இணைப்புகளைத்தான் ஏற்கும். அந்த எண்ணை உயர்த்திவிடலாமே என்று தோன்றும்; ஆனால் அங்கே ஒவ்வோர் இணைப்பும் நினைவகம் பிடித்துக்கொண்டு தனியே ஓடும் ஒரு பிராசஸ். சரி, சில இணைப்புகளையே பலருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பிஜிபவுன்சரை நடுவில் வைப்போம் என்றால், டிரான்சாக்‌ஷன் முறையில் ஒரு பரிவர்த்தனை முடிந்தவுடன் இணைப்பு வேறொருவர் கைக்குப் போய்விடுவதால், ஒரே இணைப்பு தொடர்ந்து தன்னிடமே இருக்கும் (செஷன்) என்று நம்பி எழுதப்பட்ட, ஒரே வேலையில் இருவர் மோதாமல் தடுக்கும் அட்வைசரி லாக்குகள் குழம்பிப்போகும். பெரும் பயன்பாட்டுச் சுமையைக் கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் ஓட்டி, தரவுத்தளத்துக்குள் எந்த வினவல் எதற்காகக் காத்துக் கிடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தவருக்கே இது முன்கூட்டித் தோன்றும்.

இந்த அறிவு பழசாகிவிடும் என்பதையும் மறக்காதே. அதே பிஜிபவுன்சர், டிரான்சாக்‌ஷன் முறையில் முன்கூட்டியே தயாரித்து வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டும் வினவல்களான பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்களை 2023இல் வந்த 1.21 பதிப்பிலிருந்துதான் ஆதரிக்கிறது. அதற்கு முன் கற்றதை வைத்துக்கொண்டு இன்றைக்கும் "அது நடக்காது" என்று ஓர் ஆர்க்கிடெக்ட் சொன்னால், பதவிக்கு மரியாதை கொடுத்து இளைஞர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். குழு தேவையில்லாமல் சுற்றுவழியில் போகும்.

1996 ஜூன் 4 அன்று கிளம்பி, நாற்பது நொடிக்குள் வெடித்துச் சிதறிய ஏரியான் 5 ராக்கெட்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். திசையையும் வேகத்தையும் கணிக்கும் கருவி ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கட்டும் என்று இரண்டு வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஓடியதோ ஏரியான் 4இலிருந்து வந்த ஒரே மென்பொருள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம் என்பதால், 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் போக, காப்புக் கருவியும் முதன்மைக் கருவியும் ஒரே பிழையால் அடுத்தடுத்து நின்றன. கட்டமைப்பு வரைபடத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தனவே தவிர, இரண்டு பாதுகாப்புகள் இருக்கவில்லை.

எல்லாவற்றிலும் இந்த ஆழம் வேண்டுமா என்றால், வேண்டாம். திரை வடிவமைப்புக்கான ஆயத்த நிரல் தொகுப்புகளில் எது இப்போது நல்லது என்பதை அன்றாடம் அதில் புழங்குபவர்களிடமே விட்டுவிடு. பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். தரவு எங்கே இருக்கிறது, ஒரே நேரத்தில் இருவர் அதைத் தொட்டால் என்ன ஆகும், ஒரு பகுதி விழுந்தால் மற்றவை என்ன செய்யும் ஆகியவற்றில் எடுக்கும் முடிவுகளைத் திருப்புவது கடினம். அங்கே நீயே இறங்கிப் பார். வெளியீட்டுத் தேதி நம்பியிருக்கும் வேலையை மட்டும் உன் பெயரில் எடுத்துக்கொள்ளாதே. நீ கூட்டங்களில் மாட்டிக்கொண்டால் பத்துப் பேர் காத்திருக்க நேரும். அதற்குப் பதிலாக மாதிரி நிரல்கள் எழுது, பிறர் நிரலைப் படி, பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் கோளாறு வரும் இரவுகளில் அழைக்கப்படுவோர் பட்டியலில் உன் பெயரையும் சேர்க்கச் சொல். மேலாளர் தயங்கினாலும் இந்தக் கடைசி ஒன்றை விட்டுக்கொடுக்காதே.

புதிய திட்டத்தின் வரைபடத்தை அனுப்ப முடிந்தால் அனுப்பு. தரவுத்தளம் இருக்கும் மூலையிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
இளங்கோ