கேஷ் ஃப்ளோ பக்கத்த முதல்ல படி, கண்ணு

கண்ணு,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல, தம்பி அந்த வேலைய விட்டுட்டான், அத அவனே உன்கிட்ட சொல்லுவான். போன தடவ போன்ல "அப்பா, இந்த வருஷம் எபிட்டா பாசிட்டிவ் ஆயிடுச்சு"ன்னு சொன்னல்ல, எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா, அம்மாகிட்ட மூணு தடவ சொல்லிட்டேன். அப்புறம் நான் "நீ சம்பளம் எடுத்துக்கறியாம்மா"ன்னு கேட்டேன், நீ சிக்னல் சரியில்லன்னு வச்சுட்ட. இன்னையோட 19 நாளாச்சு. பரவால்ல, வேலை இருக்கும், நான் அதுக்காக எழுதல. தம்பிகிட்ட கேட்டு உங்க கம்பெனி வருஷக் கணக்க வாங்கிப் படிச்சேன், அதப் பத்தி மட்டும்தான்.

எபிட்டான்னா வட்டி, வரி, தேய்மானம், அமார்டைசேஷன் (சாஃப்ட்வேர் மாதிரி கைல தொட முடியாத சொத்தோட விலைய வருஷாவருஷம் செலவா எழுதறது) இந்த நாலையும் கழிக்கறதுக்கு முன்னாடி நிக்கற லாபம். தொழில் தன் கால்ல நிக்குதான்னு பாக்க நல்ல அளவுதான், நான் இல்லங்கல. ஆனா வட்டிய கட்டியே ஆகணும்மா, கடன் குடுத்தவங்க உன் எபிட்டாவ பாத்து விட்டுற மாட்டாங்க. தேய்மானம் அப்படியில்ல, மெஷினுக்கு 100 அன்னைக்கே கைய விட்டுப் போயிருக்கும், அத 5 வருஷத்துக்கு இருபது இருபதா செலவுல எழுதறோம், இந்த வருஷத்து 20 பணமா வெளிய போகல. சரி, அஞ்சு வருஷம் கழிச்சு அந்த மெஷின மாத்தணும்ல, அதுக்குப் பணம் எங்கேர்ந்து வரும்?

இன்னொண்ணு கவனிச்சேன். சாஃப்ட்வேர் பண்ற பசங்க சம்பளத்துல ஒரு பகுதிய செலவா எழுதாம சொத்துல ஏத்தியிருக்கீங்க. விதில அதுக்கு எடம் இருக்கு, நிபந்தனையெல்லாம் பூர்த்தியானா செய்யலாம். ஆனா அப்படி எழுதின உடனே எபிட்டா தானா ஏறும், ஏன்னா அந்தச் சம்பளம் இனிமே வருஷாவருஷம் அமார்டைசேஷனாத்தான் வரும், அது எபிட்டாவுக்குக் கீழ. அமெரிக்காவுல வேர்ல்ட்காம்னு பெரிய டெலிபோன் கம்பெனி, மத்த கம்பெனி லைனுக்குக் கட்டின காச செலவா எழுதாம சொத்தா எழுதிடுச்சு. 2002 ஜூன்ல முதல்ல வெளிய வந்த தொகையே 380 கோடி டாலர், ஜூலைல திவால். நீங்க அந்த மாதிரி பண்றீங்கன்னு சொல்ல வரல, நீ அப்படிப்பட்டவ இல்லன்னு எனக்குத் தெரியும். உன் எபிட்டா எதால ஏறிச்சுன்னு உனக்குத் தெரியணும், அவ்ளோதான்.

லாபம் வேற பணம் வேற கண்ணு. சரக்கோ வேலையோ குடுத்து பில் போட்டாலே விற்பனைன்னு ஏறிடும், காசு எப்ப வருதுங்கறது தனிக் கதை. போன வருஷ விற்பனை 100ன்னு வச்சுக்கோ, இந்த வருஷம் 130. வரவேண்டிய பாக்கி 20லேர்ந்து 55க்கு வந்திருக்கு. கூட வித்தது 30, கூட நிக்கற பாக்கி 35. பாக்கிய விற்பனையால வகுத்து 365ஆல பெருக்கினா, முன்ன 73 நாள்ல வந்த காசு இப்ப 154 நாளாகுது, பேப்பர்ல ரெண்டு தடவ போட்டுப் பாத்தேன். தம்பி ரிசர்வ் இருக்குல்லப்பாங்கறான். ரிசர்வ்னா பூட்டி வச்ச பணம் இல்லம்மா, இத்தன வருஷமா பிரிச்சுக் குடுக்காம விட்ட லாபம், அது எப்பவோ மெஷினாவும் பாக்கியாவும் மாறிப் போயிருக்கும். கையில இருக்கறது சொத்துப் பக்கத்துல கேஷ், பேங்க் பேலன்ஸ்னு இருக்கற அந்த ஒரு வரிதான். அதனாலதான் சொல்றேன், பணம் நிஜமா எங்கேர்ந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு காட்டற கேஷ் ஃப்ளோ பக்கத்த முதல்ல படி. அதுல தொழில்லேர்ந்து வந்த பணம் மைனஸ்ல இருக்கு, கடன் வாங்கின பணம்தான் பிளஸ்ல இருக்கு.

நான் அக்கவுண்ட்ஸ்ல 22 வருஷம் இருந்தவன், இதெல்லாம் எனக்குத் தெரியாம இல்ல. கடைசி ரெண்டு வருஷம் வருஷக் கடைசி வாரத்துல டீலர் கேக்காத சரக்க லாரில ஏத்தி பில் போட்டோம், அடுத்த மாசம் அதே லாரில திரும்பி வரும். மேனேஜர் சொன்னார், நான் எழுதினேன், வவுச்சர்ல இனிஷியல் என்னோடது. லாபம்னு வந்துச்சு. அந்தக் கணக்க எழுதின நானே அந்த லாபத்த நம்பி, உன் படிப்புக்குன்னு வச்சிருந்தத அதே கம்பெனில டெபாசிட் போட்டேன். ரசீது இன்னும் பச்சைப் பெட்டிலதான் இருக்கு. அந்த வருஷம் நீ ஏன் காலேஜ் சேர முடியலங்கறதுக்கு நான் சொன்ன காரணம் பொய்மா, சீட் கிடைக்காம இல்ல. கடைசில நாலு மாசம் சம்பளமும் வரல, தினமும் கிளம்பிப் போயிட்டு வந்தேன், அம்மாகிட்ட கூட சொல்லல. அன்னைக்கு நீ சிக்னல் சரியில்லன்னு சொன்னப்போ அது நான் அப்ப பேசின மாதிரியே இருந்துச்சு.

திட்டறேன்னு நினைக்காத. கணக்கோட கடைசில விளக்கமா வர்ற நோட்ஸ்ல, கடன் பத்தின எடத்துல இயக்குநர்கள் தனிப்பட்ட உத்தரவாதம்னு ஒரு வரி இருக்கு, பேர் போடல. லிமிடெட் கம்பெனின்னா போட்ட ஷேர் பணத்தோட நம்ம பொறுப்பு முடியும், ஆனா நீ தனியா கேரன்டி கையெழுத்து போட்டிருந்தா கம்பெனி கடன் உன் கடன்தான். இன்னும் போடலன்னா போடாத. போட்டிருந்தா எவ்ளோ தொகைக்கு, மத்தவங்களும் போட்டிருக்காங்களா, புதுக் கடனுக்கும் சேத்தா, இத மட்டும் பாரு. அந்தப் பேப்பர போட்டோ எடுத்து அனுப்பு, போன் பண்ண வேணாம், நான் எதுவும் கேக்க மாட்டேன். ராத்திரி பதினொரு மணி வரைக்கும் முழிச்சுத்தான் இருக்கேன்.

அப்பா